ஊராட்சித் தலைவரின் நாற்காலி

(அரசமைப்பு நாளையொட்டி நடந்த கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சமத்துவம் என்ற இலட்சியத்தை நோக்கி நம் நாடு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். எங்கிருந்து தொடங்கலாம் என்று யோசித்தபோது 1997ஆம் ஆண்டின் இரண்டு தேதிகள்தாம் முன்னால் வந்து நின்றன.

1997 ஜூலை 25. நாடாளுமன்றத்தின் மைய மண்டபம். விடுதலையின் பொன்விழாவுக்கு நாடு தயாராகிக்கொண்டிருந்த நேரம். கேரளத்தின் உழவூரில், தீண்டாமையின் கொடுமையை அனுபவித்த ஒரு சமூகத்தில், ஏழைக் குடும்பத்தில் பிறந்த கே.ஆர். நாராயணன் அன்று குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். நாட்டிலேயே உயர்ந்த பதவியில் முதல் முறையாக ஒரு தலித் அமர்ந்த நாள் அது. அதை நாம் கொண்டாடினோம். கொண்டாட வேண்டிய நாள்தான்.

அதற்கு 25 நாள் முன்பு, ஜூன் 30 அன்று, மதுரை மாவட்டம் மேலூருக்குப் பக்கத்தில் ஓடும் பேருந்தை மறித்து ஓர் ஊராட்சித் தலைவரை வெட்டிக் கொன்றார்கள். அவர் பெயர் முருகேசன். ஊர் மேலவளவு. அவரோடு சேர்த்து ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். அவர்கள் செய்த குற்றம், பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் பதவிக்கு முருகேசன் போட்டியிட்டு வென்றதும், மற்றவர்கள் அவருக்குத் துணை நின்றதும்தான்.

குடியரசுத் தலைவரை நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊராட்சித் தலைவரை ஊர் மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டு பதவிகளுக்கும் ஆதாரம் ஒரே அரசமைப்புச் சட்டம். ஒரே கோடையில் தில்லியில் கிடைத்த ஒன்று மேலவளவில் ஏன் கிடைக்கவில்லை? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் இன்று பேசப் போகிறேன். இந்த நாட்டில் சமத்துவத்தை அளக்க வேண்டிய இடம் மேலே இல்லை, அடிமட்டத்தில் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. 543 பேர் அமரும் மக்களவையைவிட, ஏழெட்டுப் பேர் அமரும் ஊராட்சி மன்றத்தின் அறையில்தான் அது மெய்யா பொய்யா என்று தெரியவரும்.

மேலவளவில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கே இருக்கும் மாணவர்களில் பலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்கள்.

1996இல் தமிழ்நாட்டில் ஊராட்சித் தேர்தல் அறிவிக்கப்பட்டபோது அந்த ஊராட்சி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. அறிவிப்பு வந்ததுமே எதிர்ப்பு கிளம்பியது. வேட்புமனு போட்டவர்கள் மிரட்டலுக்கு அஞ்சி வாபஸ் வாங்கினார்கள். குடிசைகள் எரிந்தன. தேர்தல் நின்றுபோனது. மறுபடி அறிவித்தார்கள். வாக்குப்பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே வாக்குப்பெட்டியைப் பறித்துக்கொண்டு போனார்கள். கடைசியில் அந்த ஆண்டு முடியும் தறுவாயில், பலத்த போலீஸ் காவலோடு நடந்த தேர்தலில் முருகேசன் வென்றார். வென்றவரால் ஊராட்சி அலுவலகத்துக்குள் போய் உட்கார முடியவில்லை. ஆறு மாத காலம் அவர் தலைவர், ஆனால் அவருக்கு அலுவலகம் இல்லை. மதுரைக்குப் போய் ஆட்சியர் அலுவலகத்தில் ஊர் மக்களுக்காக முறையிட்டுவிட்டுத் திரும்பிய நாளில்தான் பட்டப்பகலில் பேருந்தை மறித்தார்கள்.

வழக்கு மேலூர்ப் பக்கத்தில் நடக்க முடியாது என்பதால் சேலத்துக்கு மாற்றப்பட்டது. 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. உயர் நீதிமன்றமும் பிறகு 2009இல் உச்ச நீதிமன்றமும் தண்டனையை உறுதி செய்தன. 2019 நவம்பரில் அவர்களில் 13 பேரை அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது. ஆண்டுதோறும் ஜூன் 30 அன்று மக்கள் மேலவளவு நினைவிடத்தில் கூடுகிறார்கள். அங்கே கூடுகிறவர்களில் பெரும்பாலோர் முருகேசனுடைய சமூகத்தைச் சேர்ந்தவர்கள் என்பதுதான் எனக்கு வேதனை தருகிறது. அவர் ஒட்டுமொத்த ஊராட்சிக்கும் தலைவராக இருந்தவர். அரசமைப்புச் சட்டத்துக்காக உயிர் கொடுத்தவர்களின் பட்டியல் ஒன்றை யாராவது எழுதினால் அதில் அவர் பெயர் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். பள்ளிப் பாடப் புத்தகத்தில் இருக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு வெறி? ஊராட்சித் தலைவர் பதவியில் அப்படி என்ன இருக்கிறது என்று நகரத்தில் வாழ்கிறவர்கள் கேட்பார்கள். தெருவிளக்கு, குடிநீர், சாக்கடை, இதுதானே என்று. கிராமத்தில் வாழ்ந்தவர்களுக்கு அப்படித் தோன்றாது. கண்மாய் மீன் குத்தகை யாருக்கு, புறம்போக்கில் நிற்கும் புளியமரத்தின் ஏலம் எந்த நாளில், புது வீட்டுக்கு வரைபட அனுமதி, குடிநீர் இணைப்பு, நூறு நாள் வேலையில் எந்த வாய்க்காலை முதலில் வெட்டுவது, எந்தத் தெருவுக்கு முதலில் சிமெண்ட் சாலை... இவை எல்லாவற்றிலும் தலைவரின் கை இருக்கிறது. பரம்பரையாக இவற்றையெல்லாம் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டிருந்த குடும்பங்கள் உண்டு. கோயிலில் முதல் மரியாதை யாருக்கு என்பதும் கண்மாய்க் குத்தகை யாருக்கு என்பதும் ஒரே திண்ணையில் முடிவான ஊர்கள் உண்டு. அந்தத் திண்ணைக்குக் கீழே நின்று பேச வேண்டியிருந்தவருடைய மகன் இப்போது அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பார்; அவரிடம் மனுவோடு போய் நிற்க வேண்டும். வருமான இழப்பைத் தாங்கிக்கொண்டவர்கள்கூட இந்தக் காட்சியைத் தாங்கிக்கொள்ள மறுத்தார்கள்.

குடியரசுத் தலைவர் தில்லியில் இருக்கிறார். அவர் நம் தெரு வழியே செருப்புப் போட்டுக்கொண்டு நடப்பதில்லை. நம் வயலில் கூலிக்கு வந்தவருடைய மகன் என்று யாருக்கும் அவரைத் தெரியாது. எட்டாத தூரத்தில் இருப்பவரின் உயர்வை ஏற்றுக்கொள்ளப் பெரிய மனமாற்றம் ஒன்றும் தேவையில்லை. அடுத்த தெருவில் இருப்பவரின் உயர்வுதான் நம்மை மாறச் சொல்கிறது.

அரசமைப்புச் சட்டத்தை எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. இந்த நாளில் அரசமைப்பு அவையின் விவாதங்களை ஒருமுறை திருப்பிப் பார்ப்பது நல்லது.

1948 நவம்பர் 4. வரைவை அவையில் முன்வைத்துப் பேசிய அம்பேத்கர் மீது, கிராமத்தை அடித்தளமாக வைத்து அரசமைப்பை எழுதவில்லை என்ற குறை ஏற்கெனவே கூறப்பட்டிருந்தது. அவர் அதற்குத் தயங்காமல் பதில் சொன்னார். கிராமம் குறுகிய பற்றும் அறியாமையும் வகுப்புவாதமும் நிறைந்த இடம் என்றார். வரைவு, கிராமத்தை விட்டுவிட்டுத் தனிமனிதரை அலகாக எடுத்துக்கொண்டதில் தமக்கு மகிழ்ச்சி என்றார். அவையில் பலருக்கு அது கசந்தது. காந்தியடிகள் மறைந்து ஓராண்டுகூட ஆகவில்லை. கிராம சுயராஜ்யம் பலருடைய வாழ்நாள் கனவு. அதே மாதம் 22ஆம் தேதி, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த கே. சந்தானம் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். கிராமப் பஞ்சாயத்துகளை அமைத்து அவற்றுக்குத் தன்னாட்சிக்கு வேண்டிய அதிகாரங்களை அரசு தர வேண்டும் என்பது திருத்தத்தின் சாரம். அம்பேத்கர் அதை ஏற்றுக்கொண்டார். அதுதான் இன்றைய 40ஆவது பிரிவு. ஆனால் அது வழிகாட்டு நெறிகளில்தான் இடம்பெற்றது. நீதிமன்றத்துக்குப் போய்க் கேட்க முடியாது.

அதற்கு ஒரு வாரம் கழித்து, நவம்பர் 29 அன்று, தீண்டாமையை ஒழிக்கும் பிரிவு வந்தது. அன்று பேசியவர்களில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த வி.ஐ. முனுசாமிப் பிள்ளையும் ஒருவர். அவையில் இருந்த ஒரே தலித் பெண்ணான தாட்சாயணி வேலாயுதனும் பேசினார். பிரிவு நிறைவேறியபோது அவையில் காந்தியடிகளை வாழ்த்தி முழக்கம் எழுந்தது. இன்றைய 17ஆவது பிரிவு அதுதான். அடிப்படை உரிமைகளில் பெரும்பாலானவை அரசின் கையைக் கட்டுபவை. 17 அப்படியில்லை. அது அண்டை வீட்டுக்காரரின் கையையும் கட்டுகிறது. 15ஆவது பிரிவிலும் கடை, உணவகம், கிணறு, குளம், படித்துறை, சாலை என்று வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு நாட்டின் உச்சச் சட்டத்தில் கிணறும் படித்துறையும் இடம்பெற்றிருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள்மேல் மரியாதை கூடுகிறது. எங்கே புண் இருக்கிறது என்று அறிந்து, அங்கே விரல் வைத்தவர்கள் அவர்கள்.

ஒரு வாரத்துக்குள் நடந்த இந்த இரண்டு விவாதங்களும் அன்று ஒன்றையொன்று சந்திக்கவில்லை. கிராமத்துக்கு அதிகாரம் என்றது ஒன்று. கிராமத்தில் சமத்துவம் என்றது மற்றொன்று. இரண்டையும் ஒரே பிரிவில் சேர்த்து, கிராமத்துக்கு அதிகாரம் கொடுங்கள், ஆனால் ஒடுக்கப்பட்டவருக்கும் பெண்ணுக்கும் அதில் இடத்தை உறுதிசெய்துவிட்டுக் கொடுங்கள் என்று சொல்ல நாட்டுக்கு இன்னும் 44 ஆண்டுகள் வேண்டியிருந்தன. இத்தனைக்கும் அம்பேத்கர் 1932லேயே பம்பாய் சட்டமன்றத்தில் கிராமப் பஞ்சாயத்து மசோதா மீது பேசும்போது இந்தக் கோரிக்கையை வைத்துவிட்டார். ஒடுக்கப்பட்டோருக்குத் தனிப் பிரதிநிதித்துவம் இல்லாத பஞ்சாயத்தைத் தம்மால் ஏற்க முடியாது என்றார். சட்டமன்றத் தொகுதிகளில் இடஒதுக்கீடு பூனா ஒப்பந்தத்தைத் தொடர்ந்து 1937 தேர்தலிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. ஊராட்சித் தலைவர் பதவியில் அது தமிழ்நாட்டுக்கு வந்தது 1996இல். இடையில் ஏறத்தாழ 60 ஆண்டுகள். மேலே கொடுப்பதற்கும் கீழே கொடுப்பதற்கும் நடுவே இவ்வளவு தூரம்.

இரண்டையும் சேர்த்த அரசமைப்பின் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. மக்கள்தொகை விகிதப்படி பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இடம், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இடம், உறுப்பினர் பதவியில் மட்டுமல்லாமல் தலைவர் பதவியிலும். தமிழ்நாடு பிறகு பெண்களின் பங்கைப் பாதியாக்கியது. இன்று நாடு முழுவதும் ஊரக உள்ளாட்சிகளில் 30 லட்சத்துக்கும் அதிகமான பிரதிநிதிகள் இருக்கிறார்கள். அவர்களில் சுமார் 14 லட்சம் பேர் பெண்கள். உலகில் வேறெங்கும் இப்படி ஒரு முயற்சி நடந்ததில்லை. குறைகளைப் பேசுவதற்கு முன் இந்தப் பெருமையைச் சொல்லிவிட வேண்டும்.

அந்தச் சட்டம் வந்த முதல் தேர்தலில்தான் மேலவளவு. அதே தேர்தலில் மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல் என்று நான்கு ஊராட்சிகள் வேறொரு வழியைக் கண்டுபிடித்தன. அங்கே கத்தி எடுக்கவில்லை. யாரும் மனுத்தாக்கல் செய்யாமல் பார்த்துக்கொண்டார்கள். மனுத்தாக்கல் செய்தாக வேண்டும் என்று அரசு நெருக்கியபோது தங்களுக்கு இணக்கமான ஒருவரை நிற்க வைத்து, வென்ற கையோடு ராஜினாமா செய்ய வைத்தார்கள். மறுபடி தேர்தல், மறுபடி ராஜினாமா. இப்படியே பத்து ஆண்டுகள் ஓடின. அந்தப் பத்து ஆண்டுகளில் இரண்டு கட்சிகள் மாறி மாறி ஆட்சியில் இருந்தன. நிற்கத் துணிந்தவருக்கு வயலில் வேலை கிடைக்காது. கடையில் சாமான் கிடைக்காது. தன்னுடைய ஆட்களே வந்து, எங்கள் பிழைப்பைக் கெடுக்காதே என்று கெஞ்சுவார்கள். நிலம் ஒரு கையில் இருக்கும்போது ஓட்டு மட்டும் எல்லார் கையிலும் இருந்து என்ன பயன்? 1949 நவம்பர் 25ஆம் தேதி அம்பேத்கர் எச்சரித்தாரே, அரசியலில் சமத்துவம், சமூக வாழ்விலும் பொருளாதாரத்திலும் ஏற்றத்தாழ்வு, இந்த முரண்பாட்டோடு எத்தனை காலம் வாழப் போகிறோம் என்று கேட்டாரே, அந்தக் கேள்விக்கு இந்த நான்கு ஊர்களும்தான் உரை எழுதின.

2006இல் அது முடிவுக்கு வந்தது. ஆட்சியாளர்கள் தேர்தலை நடத்தியே தீர்வது என்று முடிவு செய்தார்கள். மதுரை ஆட்சியராக இருந்த த. உதயச்சந்திரன் ஊர் ஊராகப் போய் இரு தரப்போடும் திரும்பத் திரும்பப் பேசினார். பாதுகாப்பு கொடுக்கப்பட்டது. அக்டோபர் தேர்தலில் நான்கு ஊராட்சிகளுக்கும் தலைவர்கள் கிடைத்தார்கள். அடுத்த மாதம் சென்னையில் முதலமைச்சர் கருணாநிதி 'சமத்துவப் பெருவிழா' நடத்தி அவர்களைப் பெருமைப்படுத்தினார். 2021 காந்தி ஜெயந்தி அன்று முதலமைச்சர் ஸ்டாலின் பாப்பாபட்டிக்கே போய்க் கிராம சபையில் உட்கார்ந்தார்.

நல்ல முடிவு என்று மகிழலாம். நானும் மகிழ்கிறேன். ஆனால் இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு கோபம் எழுவதைத் தவிர்க்க முடியவில்லை. 2006இல் சில மாதங்களில் முடிந்த ஒரு காரியம் 1996இலேயே முடிந்திருக்கும். அரசுக்குச் சக்தி இருந்தது, சட்டம் இருந்தது, போலீஸ் இருந்தது. மனம் இல்லை. பத்து ஆண்டுகள் ஊர்க் கட்டுப்பாடு அரசமைப்புச் சட்டத்தைவிடப் பெரியதாக இருக்க அரசே இடம் கொடுத்தது. மக்களின் மனம் மாறக் காலம் பிடிக்கும் என்று சொல்வார்கள். மனம் மாறுவதற்கு முன்பே நடத்தை மாறியாக வேண்டும் என்பதற்குத்தான் சட்டம். அந்த ஊர்களில் மனம் மாறிய பிறகு தேர்தல் நடக்கவில்லை. தேர்தல் நடந்த பிறகுதான் எதுவும் மாறத் தொடங்கியது.

இனி, வென்று உள்ளே போனவர்களைப் பற்றி. இதைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் எண்ணம்.

தமிழ்நாட்டில் ஊராட்சியின் காசோலையில் தலைவர் மட்டும் கையெழுத்துப் போட்டால் செல்லாது. துணைத்தலைவரும் போட வேண்டும். பணம் கையாளப்படும் இடத்தில் இரண்டு பேர் பொறுப்பு என்பது சரியான ஏற்பாடுதான். ஆனால் தலைவர் பதவிக்குத்தான் ஒதுக்கீடு. துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். பட்டியல் சாதிப் பெண் ஒருவர் தலைவராகிறார். ஊரின் செல்வாக்குள்ள குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் துணைத்தலைவராகிறார். அவர் கையெழுத்துப் போட மறுத்தால் மோட்டார் பழுது பார்க்க முடியாது, துப்புரவுப் பணியாளருக்குச் சம்பளம் போட முடியாது. இரண்டு மாதம் தண்ணீர் வராவிட்டால் ஊர் யாரைத் திட்டும்? தலைவரைத்தான். இவளுக்கு நிர்வாகம் தெரியவில்லை என்ற பேச்சு அங்கிருந்துதான் பிறக்கிறது. புகார் போனால் ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆவது பிரிவு இருக்கிறது. தலைவரை நீக்கும் அதிகாரம் ஆட்சியருக்கு. அதற்கு முன் தாசில்தார் கூட்டம் போட்டு உறுப்பினர்களின் கருத்தைக் கேட்பார். எந்த உறுப்பினர்கள்? முதல் நாளிலிருந்தே தலைவரோடு ஒத்துழைக்காத அதே உறுப்பினர்கள்.

கத்தி வேண்டாம், தீ வேண்டாம், ஒரு கையெழுத்தைப் போடாமல் இருந்தாலே போதும். ஒதுக்கீட்டை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடலாம்.

2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டை ஊராட்சியின் படம் ஒன்று நாடெங்கும் பரவியது. மன்றக் கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, தலைவரான தலித் பெண் தரையில் உட்கார்ந்திருந்தார். வழக்குப் பதிவானது, ஊராட்சிச் செயலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அதே ஆண்டு சுதந்திர தினத்தன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலைவராக இருந்த பெண்ணைக் கொடியேற்ற விடவில்லை. செய்தி வெளியானதும் ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் ஊருக்கு வந்து, சில நாள் கழித்து அவரையே ஏற்ற வைத்தார்கள். 2022இல், ஊராட்சித் தலைவர்கள் கொடியேற்றுவதில் எந்தப் பாகுபாடும் இருக்கக் கூடாது என்று தலைமைச் செயலாளர் எல்லா ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுத வேண்டியிருந்தது. விடுதலையின் 75ஆவது ஆண்டு அது.

படம் வெளியே வராத ஊர்கள் எத்தனை? எனக்குத் தெரிந்து, தலைவரின் நாற்காலி காலியாக இருக்கும்போதும் அதில் உட்காராமல், பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்காரும் பெண்கள் இருக்கிறார்கள். கேட்டால், எதுக்கு வம்பு, வேலை நடந்தால் சரி என்பார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. மேலவளவு தெரிந்தவர்கள் அவர்கள்.

சட்டம் இதையெல்லாம் கவனிக்காமலும் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம் அதில் புதிய குற்றங்களைச் சேர்த்தது. பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ வேட்புமனு போட விடாமல் தடுப்பது குற்றம். ஊராட்சித் தலைவராகவோ உறுப்பினராகவோ இருப்பவரை மிரட்டி, வழக்கமான பணியைச் செய்ய விடாமல் தடுப்பதும் குற்றம். பாப்பாபட்டிகளிலும் மேலவளவுகளிலும் பட்டதையெல்லாம் சட்டமாக்கியது போன்ற வரிகள் அவை. ஆனால் புகார் கொடுக்கப் போகும் தலைவர் மறுநாள் அதே ஊரில், அதே துணைத்தலைவரோடு, அதே காசோலையை வைத்துக்கொண்டு வாழ வேண்டும். அந்த வரிகள் ஊராட்சி அலுவலகச் சுவர்களில் எழுதப்பட வேண்டும். ஊராட்சிச் செயலருக்குக் கொடுக்கும் பயிற்சியில் முதல் பாடமாக இருக்க வேண்டும். கையெழுத்துப் போட மறுக்கும் துணைத்தலைவர் காரணத்தை எழுத்தில், குறித்த நாட்களுக்குள் தர வேண்டும், தராவிட்டால் வட்டார வளர்ச்சி அலுவலர் அதைத் தீர்க்க வேண்டும் என்று ஒரு விதி வந்தாலே பாதி ஊராட்சிகளில் மூச்சு வரும்.

இங்கே ஒருவர் எழுந்து, தகுதி வேண்டாமா, படிக்காதவர்களை உட்கார வைத்தால் நிர்வாகம் என்ன ஆகும் என்று கேட்கக்கூடும். இந்தக் கேள்வியை ஹரியாணா அரசு 2015இல் சட்டமாகவே ஆக்கிவிட்டது. பொதுப் பிரிவு ஆண் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கப் பத்தாம் வகுப்பு, பெண்ணும் பட்டியல் சாதி ஆணும் நிற்க எட்டாம் வகுப்பு, பட்டியல் சாதிப் பெண் உறுப்பினர் பதவிக்கு நிற்க ஐந்தாம் வகுப்பு. வீட்டில் கழிப்பறை இருக்க வேண்டும். கடன் பாக்கி இருக்கக் கூடாது. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் ராஜ்பாலா வழக்கில் அதைச் செல்லும் என்றது. நாடாளுமன்ற உறுப்பினராக, ஏன், பிரதமராக, படிப்புத் தகுதி எதுவும் கிடையாது. பள்ளிக்கூடத்தைத் தர வேண்டியது அரசின் கடமை. கொடுக்கத் தவறியது அரசு. தண்டனை மட்டும் படிக்க வழியில்லாமல் போன பெண்ணுக்கு. அந்தத் தீர்ப்பு நம் சமத்துவ வரலாற்றில் ஒரு பின்னடைவு என்று நான் கருதுகிறேன். ராஜஸ்தானும் அத்தகைய சட்டம் கொண்டுவந்தது. 2019இல் அதை ரத்து செய்தது. நல்ல காரியம்.

தகுதியைப் பற்றி ஆய்வுகள் என்ன சொல்கின்றன? எஸ்தர் டுஃப்லோவும் ராகவேந்திர சட்டோபாத்யாயும் மேற்கு வங்கத்தின் பீர்பூம், ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டங்களில் செய்த ஆய்வு 2004இல் வெளியானது. பெண்களுக்கு ஒதுக்கிய பஞ்சாயத்துகளில் குடிநீருக்கு அதிகம் செலவிடப்பட்டிருந்தது. தண்ணீர்க் குடத்தைச் சுமந்தவர்கள் தலைவரானதும் தண்ணீருக்குப் பணம் ஒதுக்கினார்கள். பீர்பூமிலேயே செய்த இன்னொரு ஆய்வு 2012இல் வந்தது. இரண்டு முறை பெண் தலைவர்களைப் பார்த்த ஊர்களில், பையன்களுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் இடையே படிப்பில் இருந்த இடைவெளி மறைந்திருந்தது. பெற்றோர்கள் மகளைப் பற்றிக் காணும் கனவு பெரிதாகியிருந்தது. யாரும் போய்ப் பிரசாரம் செய்யவில்லை. ஒரு பெண்ணை அந்த இடத்தில் பார்த்தார்கள், அவ்வளவுதான். பல இடங்களில் கணவர்தான் எல்லாம் செய்கிறார், வட மாநிலங்களில் அதற்கு 'சர்பஞ்ச் பதி' என்று பெயரே இருக்கிறது என்பதும் உண்மை. இரண்டும் ஒரே நாட்டில் ஒரே காலத்தில் நடக்கின்றன.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஐந்தாண்டுப் பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்று அரசமைப்பின் 243E பிரிவு ஆணையிடுகிறது. தமிழ்நாட்டில் 2016இல் முடிந்த பதவிக்காலத்துக்கு அடுத்த தேர்தல் பெரும்பாலான மாவட்டங்களில் 2019 டிசம்பரில்தான் நடந்தது. மூன்று ஆண்டுகள் தனி அலுவலர்கள். அந்த மாவட்டங்களில் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்தபோது மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள். தேர்தல் தள்ளிப்போவதை நிர்வாகச் சிக்கலாக மட்டும் பார்க்கிறோம். ஒதுக்கீட்டால் முதல் முறை அதிகாரத்துக்கு வந்த பெண்ணுக்கும் தலித்துக்கும் பழங்குடியினருக்கும் அது நேரான இழப்பு. செல்வாக்குள்ள குடும்பத்துக்குப் பதவி இல்லாவிட்டாலும் செல்வாக்கு இருக்கும். தனி அலுவலரோடு பேசிக் காரியத்தை முடித்துக்கொள்வார்கள். பதவி ஒன்றே பலமாக இருந்தவர்களுக்கு அதுவும் இல்லாமல் போகிறது.

கடைசியாக, இங்கே வந்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்.

ஒதுக்கீடு சுழற்சியில் வருகிறது. ஓர் ஊராட்சி இன்று பட்டியல் சாதியினருக்கு என்றால் பிறகு பொதுவாகும். தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் 2011 கணக்குப்படி 20 விழுக்காடு பட்டியல் சாதியினர். அவர்கள் பொது ஊராட்சியில் போட்டியிடச் சட்டத்தில் ஒரு தடையும் இல்லை. பொது என்றால் எல்லார்க்கும் பொது. ஆனால் நடைமுறையில், இது உங்களுக்கு ஒதுக்கியது இல்லையே, இதிலே ஏன் வந்து நிற்கிறாய் என்று கேட்கிறார்கள். ஐந்தாண்டு நன்றாக நிர்வாகம் செய்த தலைவர், ஊராட்சி பொதுவானதும் வீட்டுக்குப் போய்விடுகிறார். கற்ற அனுபவமெல்லாம் அவரோடு போய்விடுகிறது. அவர் மீண்டும் நிற்பதும், அவருடைய சாதியைச் சேராதவர்கள் அவருக்கு ஓட்டுப் போடுவதும்தான் இந்த நாடு இன்னும் கடக்க வேண்டிய தூரம்.

ஊராட்சித் தேர்தலில் நிற்பவரை அதே ஊரின் வாக்காளர் ஒருவர் முன்மொழிந்து கையெழுத்துப் போட வேண்டும். இந்த அரங்கில் இருக்கும் பலருக்கு இன்னும் சொந்த ஊரில்தான் ஓட்டு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் போகிறீர்கள். உங்கள் ஊரில் உங்கள் குடும்பத்துக்கு ஒரு சொல் மதிப்பு இருக்கும். அடுத்த தேர்தல் அறிவிப்பு வரும்போது, உங்கள் ஊராட்சி பொதுவாக இருந்து, காலனியிலிருந்து ஒருவர் நிற்க முன்வந்தால், அவருடைய மனுவில் முன்மொழிபவராக நீங்கள் கையெழுத்துப் போடுங்கள். மனுத்தாக்கல் செய்யும் நாளில் அவரோடு கூட நடந்து போங்கள்.